நெஞ்சு எக்ஸ்ரே: சிஆர், டிஆர் படத்தரத்தை ஒப்பிடும் முறை – முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டை, தென்காசி, சங்கரன்கோவில், வள்ளியூர் என்று எங்கே போனாலும் எக்ஸ்ரே அறையில் இதே பேச்சுதான்: இருக்கிற சிஆர் ரீடரையே ஓட்டலாமா, டிஆர் பேனலுக்கு மாறலாமா, மாறினால் எந்தப் பேனல்? சிஆரில் படம் பிளேட்டில் பதியும், அதை ரீடரில் போட்டுப் படிக்க வேண்டும்; டிஆரில் பேனலே படத்தை நேராகக் கணினிக்கு அனுப்பும். விற்க வருபவர் லேப்டாப்பில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். இரண்டும் வேறு வேறு ஆளின் படம். டோஸ் (கதிர்வீச்சின் அளவு) வேறு, கேவி (டியூப்பின் மின்னழுத்தம்) வேறு, மென்பொருள் பிராசஸிங்கும் வேறு. கண்ணில் படும் வித்தியாசத்தில் டிடெக்டரின் (கதிரைப் பிடிக்கும் பிளேட் அல்லது பேனலின்) பங்கு எவ்வளவு என்று அந்தப் படங்களை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

ரேடியோகிராபர்களுக்கும், கருவி வாங்கும் முடிவை எடுக்கும் டாக்டர்களுக்கும் இதை எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். மானிட்டர், டியூப், டிடெக்டர், டோஸ், பேந்தம் (உடலுக்குப் பதிலாக வைக்கும் சோதனை மாதிரி) என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடித்த பிறகுதான் நோயாளியின் படம். புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் நோயாளி படத்திலிருந்து தொடங்குகிறார்கள். பிறகு வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடுவதிலேயே அவர்கள் நாள் போய்விடுகிறது.

1. எதைப் பார்க்க வேண்டும் என்பதை எழுதி வையுங்கள்

"எது நல்ல படம்?" என்று கேட்டால் விடை கிடைக்காது. எந்த நோய்க்கு என்று சேர்த்துக் கேளுங்கள்.

முக்கூடல், மேலப்பாளையம் பக்கத்திலிருந்து பீடி சுற்றுபவர்கள் நாள்பட்ட இருமலோடு வருவார்கள். டிபியா என்று பார்க்க நுரையீரலின் உச்சிப்பகுதி, காறை எலும்புக்குப் பின்னால் தெளிவாக இருக்க வேண்டும். கல்குவாரியிலும் கிரஷரிலும் வேலை செய்பவர்களுக்குச் சிலிக்கோசிஸ் (கல்தூசியால் வரும் நுரையீரல் நோய்) தேட வேண்டும்; அங்கே மிகச் சிறிய புள்ளிகள்தான் விஷயம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐஎல்ஓ) வகைப்பாட்டில் 'பி' வகைப் புள்ளியின் விட்டம் 1.5 மி.மீ. வரை. இதய அளவு மட்டும் பார்ப்பதற்கு ஓரளவு ஒழுங்கான எந்தக் கருவியும் போதும், அதற்காக லட்சங்களைச் செலவழிக்க வேண்டியதில்லை.

இந்தப் படியை விட்டவர்கள் பிக்சல் அளவைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். 0.2 மி.மீ. பிக்சலும் 1.5 மி.மீ. புள்ளியைப் பதியும் அளவுக்குச் சிறியதுதான். அந்தப் புள்ளி தெரியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இரைச்சல் (படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள்), உடலில் பட்டுத் திசைமாறி வரும் சிதறல் கதிர், தவறான பிராசஸிங் ஆகியவைதான்.

2. கையில் இருக்க வேண்டியவை

டோஸ் மீட்டர் அவசியம். எல்லா இடத்திலும் இது இருக்காது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் (ஏஇஆர்பி) விதிப்படி 2 ஆண்டுக்கு ஒருமுறை தரச்சோதனை செய்ய வரும் நிறுவனத்தாரிடம் மீட்டர் இருக்கும். அவர்கள் வரும் நாளை ஒட்டி உங்கள் ஒப்பீட்டை வைத்துக்கொண்டால் வேலை எளிது. புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியில் மெடிக்கல் பிசிசிஸ்ட் இருப்பார். முடிந்தால் அவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை: மொத்தம் 21 மி.மீ. வரும்படி அலுமினியத் தகடுகள், நெஞ்சுக்குப் பதிலாக வைக்க அக்ரிலிக் பலகைகள், சில மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சிறு அலுமினியத் துண்டு, நேர்த்தியாக அறுத்த ஈயத் துண்டு, அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம். சிடிராட் பேந்தம் (பல அளவுத் துளைகள் கொண்ட சோதனைப் பலகை) எங்காவது இரவல் கிடைத்தால் நல்லது.

கருவிக்காரரிடம் முதல் நாளே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: பிராசஸிங் செய்யாத மூலப் படத்தை வெளியே எடுக்கும் வசதி. டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொது வடிவம்) கோப்பில் 0008,0068 என்ற டேக், இது பிராசஸிங்குக்கு முந்தைய படமா, பார்வைக்குத் தயாரான படமா என்று சொல்லும். மூலப் படம் தர முடியாது என்று ஒருவர் சொன்னால், அவருடைய டிடெக்டரை நீங்கள் ஒப்பிட முடியாது, அவருடைய மென்பொருளை மட்டுமே ஒப்பிட முடியும். அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

3. மானிட்டரைச் சரிசெய்யுங்கள்

எல்லாப் படத்தையும் இதன் வழியாகத்தான் பார்க்கப் போகிறோம். அதனால்தான் இது முன்னால் வருகிறது.

டிஜி18 சோதனைப் படத்தைத் திறந்து, கருப்புக் கட்டத்துக்குள் இருக்கும் 5 சதவீதச் சதுரமும் வெள்ளைக் கட்டத்துக்குள் இருக்கும் 95 சதவீதச் சதுரமும் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒன்று தெரியாவிட்டாலும் அந்த மானிட்டர் இந்த வேலைக்கு ஆகாது. டைகாம் 14ஆம் பகுதி சொல்லும் சாம்பல் அளவுகோலுக்கு மானிட்டரை அளவுதிருத்தம் செய்திருக்க வேண்டும். ஜன்னலை மூடி, தலைக்கு மேல் எரியும் டியூப் லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். நம் ஊர் வெயில் வெளிச்சத்தில் மெடியாஸ்டைனம் (இரு நுரையீரலுக்கும் நடுவிலுள்ள பகுதி) முழுக்க ஒரே சாம்பலாகத்தான் தெரியும்.

சிஆர் படத்தை அதன் பழைய கன்சோல் மானிட்டரிலும், டிஆர் படத்தைப் புது மானிட்டரிலும் பார்த்து ஒப்பிடுவது பரவலாக நடக்கிறது. இரண்டையும் ஒரே மானிட்டருக்குக் கொண்டுவாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். அது படத்தைச் சுருக்கி அனுப்பும்போது முதலில் காணாமல் போவது நாம் தேடும் சிறு விவரம்தான்.

4. டியூப்பும் ஜெனரேட்டரும்

முடிந்தவரை இரண்டு டிடெக்டருக்கும் ஒரே டியூப்பைப் பயன்படுத்துங்கள். சிஆர் கேசட்டும் ஒயர்லெஸ் பேனலும் ஒரே ஸ்டாண்டில் பொருந்தும் என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அமைத்த கேவிதான் வெளியே வருகிறதா, அதே எம்ஏஎஸ்ஸுக்கு (டியூப் மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கிய அளவு) ஒவ்வொரு முறையும் அதே டோஸ் வருகிறதா என்று சில எக்ஸ்போஷர் கொடுத்துப் பாருங்கள். லோ வோல்டேஜ் வரும் ஊர்களில் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை அளப்பது நல்லது.

எக்ஸ்போஷர் நேரத்தையும் பாருங்கள். 1996இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டு நெறி, நெஞ்சு பிஏ (முதுகுப் பக்கமிருந்து கதிர் விழும்) படத்துக்கு 125 கேவி, 180 செ.மீ. தூரம், 20 மில்லி விநாடிக்குக் குறைவான நேரம் என்று சொல்கிறது. 100 எம்ஏ சிறு மொபைல் கருவியில் இந்த நேரத்துக்குள் முடிப்பது கஷ்டம். இதயத் துடிப்பால் இடப்பக்கக் கீழ் நுரையீரல் மங்கும். அந்த மங்கலைப் பேனலின் குறை என்று எழுதிவிடுகிறார்கள்.

5. டிடெக்டரைத் தயார் செய்தல்

சிஆர் பிளேட்டில் இருப்பது யூரோப்பியம் கலந்த பேரியம் ஃபுளோரோஹாலைடு. எக்ஸ்ரே பட்டதும் சக்தியைப் பிடித்து வைத்திருந்து, ரீடரின் சிவப்பு லேசர் பட்டதும் நீல ஒளியாக விடும். பிடித்து வைத்த சக்தி நேரம் போகப் போகக் கசியும். ஆகவே எல்லா பிளேட்டையும் எக்ஸ்போஷருக்குப் பின் ஒரே இடைவெளியில் ரீடரில் போடுங்கள். சோதனைக்கு முன் எல்லா பிளேட்டையும் ஒருமுறை அழியுங்கள். அலமாரியில் கிடந்த பிளேட் இயற்கைக் கதிர்வீச்சையும் சேர்த்து வைத்திருக்கும். கீறல், தூசி பார்த்து, இருப்பதில் நல்ல பிளேட்டையே எடுங்கள். பிளேட் நகரும் திசையில் நேராக ஒரு வெள்ளைக் கோடு ஓடினால், ரீடரின் ஒளி வழியில் தூசி உட்கார்ந்திருக்கலாம். பழுதான சிஆரையும் புத்தம் புது டிஆரையும் வைத்து ஒப்பிட்டால் அந்தக் கணக்கு யாருக்கும் உதவாது.

டிஆர் பேனலில் என்ன பொருள் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். சீசியம் அயோடைடு ஊசி ஊசியாக நிற்கும் படிகம்; உள்ளே பிறக்கும் ஒளியைப் பக்கவாட்டில் அதிகம் சிதற விடாமல் கீழே இறக்கும். அதனால் தடிப்பாக வைத்து அதிக எக்ஸ்ரேயைப் பிடித்தாலும் கூர்மை கெடுவதில்லை. கடோலினியம் ஆக்சிசல்பைடு தூள் வகை. விலை குறைவு, தாக்குப்பிடிக்கும், ஆனால் ஒளி சிதறும். செலினியம் பேனல் எக்ஸ்ரேயை நேரடியாக மின்னூட்டமாக மாற்றும். கூர்மையில் அதுவே முன்னால் நிற்கும். ஆனால் நெஞ்சு படத்துக்கான உயர் கேவியில் செலினியம் பிடிக்கும் எக்ஸ்ரேயின் பங்கு குறைவு.

பேனலைச் சூடேற விட்டு, ஆஃப்செட் (கதிர் இல்லாதபோது பேனல் காட்டும் அளவு), கெயின் (கதிருக்கு ஒவ்வொரு பிக்சலும் தரும் பதில்) கேலிப்ரேஷன் இரண்டையும் செய்யுங்கள். இரவில் ஏசியை அணைத்துவிட்டுக் காலையில் வந்ததும் முதல் படத்தை எடுப்பது இங்கே வழக்கம். அறையின் வெப்பம் மாறினால் பேனலின் ஆஃப்செட்டும் நகரும். அக்னி நட்சத்திர நாட்களில் ஏசி போட்டு அறை ஒரு நிலைக்கு வந்த பிறகு கேலிப்ரேஷன் செய்யுங்கள்.

6. டோஸை ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியைத்தான் கவனமாகச் செய்ய நேரம் இருக்கிறது என்றால், அது இதுவாகவே இருக்கட்டும்.

டிஜிட்டல் படத்தில் டோஸ் கூடினால் படம் கருக்காது. மென்பொருள் வெளிச்சத்தைச் சரிசெய்துவிடும். இரைச்சல் மட்டும் குறையும். அதனால் கூடுதல் டோஸ் கொடுத்த படம் எப்போதும் "நல்ல படம்" போலத் தெரியும். டோஸை இரட்டிப்பாக்கினால் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் சுமார் 1.4 மடங்கு ஏறும். சாதாரண சிஆர் பிளேட்டும் தாராளமாக டோஸ் வாங்கினால் நல்ல டிஆருக்குப் பக்கத்தில் நிற்கும். அந்தக் கதிரை நெஞ்சில் வாங்குபவர் நோயாளி.

கன்சோலில் வரும் எண்களை நேராக ஒப்பிடாதீர்கள். பழைய பியூஜி சிஆரின் எஸ் எண், டோஸ் இரட்டித்தால் பாதியாகக் குறையும். பழைய கோடாக், கேர்ஸ்ட்ரீம் சிஆரின் எண் 300 கூடினால் டோஸ் இரட்டிப்பு. அக்ஃபாவின் எல்ஜிஎம் 0.3 கூடினால் இரட்டிப்பு. எஸ் எண் 400 என்று பார்த்துவிட்டு "டோஸ் அதிகம், குறையுங்கள்" என்று சொல்லும் புதியவர்கள், ஏற்கெனவே குறைவாக இருக்கும் டோஸை இன்னும் குறைக்கச் சொல்கிறார்கள்.

2008இல் வந்த ஐஇசி 62494-1 என்ற சர்வதேசத் தரநிலை இதை ஒரே அளவாக்கியது. டிடெக்டரில் விழும் டோஸை மைக்ரோகிரே என்ற அலகில் எடுத்து 100ஆல் பெருக்கினால் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ். 2.5 மைக்ரோகிரே என்றால் 250. இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை டீவியேஷன் இண்டெக்ஸ் சொல்லும்: +3 என்றால் இரட்டிப்பு, -3 என்றால் பாதி, +1 என்றால் சுமார் 26 சதவீதம் அதிகம். டைகாம் கோப்பில் இண்டெக்ஸ் 0018,1411இலும், இலக்கு 0018,1412இலும், விலகல் 0018,1413இலும் இருக்கும்.

ஆனால் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். இப்படிச் சோதியுங்கள்:

டியூப் வாயில் 21 மி.மீ. அலுமினியம், 70 கேவியை ஒட்டி. கிரிட்டை (சிதறல் கதிரைத் தடுக்கும் தட்டு) கழற்றிவிடுங்கள். டிடெக்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மீட்டரை வைத்து அளங்கள். டிடெக்டர் பின்னால் இருந்தால் அதிலிருந்து திரும்பி வரும் கதிரும் கணக்கில் சேர்ந்துவிடும். மீட்டர் சிறு டோஸைப் படிக்கவில்லை என்றால் பாதித் தூரத்தில் அளந்து 4ஆல் வகுக்கலாம்: 90 செ.மீ.யில் 10 மைக்ரோகிரே என்றால் 180 செ.மீ.யில் 2.5.

பிறகு டிடெக்டரை வைத்து 1, 2.5, 5, 10 மைக்ரோகிரே அளவுகளில் படம் எடுங்கள். இண்டெக்ஸ் 100, 250, 500, 1000ஐ ஒட்டி வர வேண்டும். 20 சதவீதத்துக்கு மேல் விலகினால் சர்வீஸ் இன்ஜினியரை அழைத்துச் சரிசெய்த பிறகே அடுத்த படி.

ஏஇசி (போதிய டோஸ் வந்ததும் எக்ஸ்போஷரைத் தானாக நிறுத்தும் அமைப்பு) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ஏஇசியைப் பழைய டிடெக்டருக்கு ஏற்பத்தான் அமைத்திருப்பார்கள். ஒவ்வொரு டிடெக்டர் பொருளும் ஒவ்வொரு கேவியில் வேறு மாதிரி எக்ஸ்ரேயைப் பிடிக்கும். பேனலை மாற்றிவிட்டு ஏஇசியை அப்படியே விட்டால் டோஸ் தாறுமாறாகும். ஒப்பீடு முடியும்வரை ஏஇசியை அணைத்து, கையால் எம்ஏஎஸ் கொடுங்கள்.

7. பேந்தம் வைத்து அளத்தல்

இப்போது நெஞ்சு படத்துக்கான கேவிக்கு வாருங்கள். இரண்டு டிடெக்டருக்கும் ஒரே கேவி. சிஆரில் கிரிட் இல்லாமல் 65 கேவி, டிஆரில் கிரிட்டோடு 120 கேவி என்று எடுத்துவிட்டு, "டிஆரில் விலா எலும்பு மறைத்துக்கொண்டு நிற்கவில்லை" என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். விலா எலும்பு மங்கியது கேவி கூடியதால்.

அக்ரிலிக் பலகைகளை அடுக்கி, சிறு அலுமினியத் துண்டை ஒட்டி, மூலப் படம் எடுங்கள். துண்டுக்குள் ஒரு கட்டம், பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்து, இரண்டின் சராசரி பிக்சல் மதிப்பையும் பின்னணியின் திட்ட விலகலையும் குறியுங்கள். இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தை விலகலால் வகுத்தால் கிடைப்பதுதான் ஒப்பிட வேண்டிய எண். அதன் வர்க்கத்தை டோஸால் வகுத்துக்கொண்டால், சிறிது வேறுபட்ட டோஸில் எடுத்த படங்களையும் பக்கத்தில் வைக்கலாம். பல சிஆர் கருவிகளில் பிக்சல் மதிப்பு டோஸின் லாகரிதமாக இருக்கும். அதை நேர்கோட்டு அளவுக்கு மாற்றிய பிறகே இந்தக் கணக்கைப் போடுங்கள்.

பலகை மெல்லியதாக இருக்கும்போது, அதாவது நுரையீரல் அளவில், எல்லா டிடெக்டரும் பாஸ் ஆகும். இன்னும் பலகை சேர்த்து மெடியாஸ்டைனம் அளவுக்குக் கொண்டுபோய் மறுபடி எடுங்கள். டிடெக்டரை எட்டும் டோஸ் அங்கே மிகக் குறைவு, எட்டுவதிலும் பெரும்பங்கு சிதறல் கதிர். நல்ல பேனலுக்கும் சுமாரான பேனலுக்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான் வெளிப்படும். சுமாரானதில் படம் முழுக்க மணல் தூவினாற்போல் இருக்கும்.

கூர்மைக்கு ஈயத் துண்டின் ஓரத்தைச் சற்றுச் சாய்த்து வைத்து எடுங்கள். எம்டிஎஃப் (கூர்மையைக் காட்டும் அளவு) கணக்கிடும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பிக்சல் அளவிலிருந்து உச்ச வரம்பும் தெரியும்: 0.143 மி.மீ. பிக்சல் என்றால் மி.மீ.க்கு 3.5 கோட்டு ஜோடிகள், 0.1 என்றால் 5.

சிடிராட் கிடைத்தால் அதிலுள்ள 0.3 முதல் 8 மி.மீ. வரையிலான துளைகளில் எவை தெரிகின்றன என்று, ஒருவர் மட்டும் பார்க்காமல், பலர் பார்த்துக் குறியுங்கள்.

விற்பனைத் தாளில் டிகியூஇ என்று ஓர் எண் இருக்கும். வந்த எக்ஸ்ரேயின் தகவலில் எவ்வளவு பங்கைப் படத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது என்பதே அது. பொதுவாகச் சீசியம் அயோடைடு பேனல் 0.6ஐத் தாண்டும், கடோலினியம் அதில் பாதியைச் சுற்றி, தூள் வகை சிஆர் பிளேட் அதற்கும் கீழே. எந்தக் கதிர்த் தரத்தில், எந்த அதிர்வெண்ணில் அளந்தது என்று போடாத எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஆர்கியூஏ5 என்ற கதிர்த் தரத்தில் அளந்ததையும் ஆர்கியூஏ9 என்ற கதிர்த் தரத்தில் அளந்ததையும் ஒன்றோடொன்று வைக்கக் கூடாது.

கிரிட் கோடுகளையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். செ.மீ.க்கு 40 கோடு உள்ள நிலையான கிரிட்டை 0.143 மி.மீ. பேனலில் போட்டால், மி.மீ.க்கு 4 கோடு என்ற அந்த அமைப்பு பேனலின் வரம்பைத் தாண்டி, மி.மீ.க்கு 3 என்ற பொய்க் கோடாகப் படத்தில் திரும்பி வரும். பேனல் மாற்றும்போது கிரிட்டும் மாற வேண்டுமா என்று இப்போதே கேளுங்கள். வாங்கிய பிறகு அது தனிச் செலவு.

8. நோயாளி படங்களைச் சேர்த்தல்

ஒப்பிடுவதற்காக ஒருவருக்கு இரண்டு முறை எக்ஸ்ரே எடுக்கக் கூடாது. டாக்டர் சொல்லி வேறு வேறு நாளில் எடுத்த, ஏற்கெனவே இருக்கும் படங்களைச் சேருங்கள். டிபி சிகிச்சையில் இருப்பவர்களுக்கு முன்பு சிஆரிலும் பிறகு டிஆரிலும் எடுத்தது இருக்கும். நோய் மாறியிருக்கலாம் என்பதால், நோயைப் பார்க்காமல் இயல்பான உடற்கூறு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதை மட்டும் ஒப்பிடுங்கள். பெயரையும் எண்ணையும் நீக்குங்கள். கட்டுரையாக வெளியிடுவதாக இருந்தால் எத்திக்ஸ் கமிட்டி அனுமதியை முதலிலேயே வாங்குங்கள்.

நிலை சரியில்லாத படத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் விலக்குங்கள். முன்பக்க விலா 6 அல்லது பின்பக்க விலா 10 உதரவிதானத்துக்கு மேல் தெரிய வேண்டும். தோள்பட்டை எலும்பு நுரையீரலுக்கு வெளியே போயிருக்க வேண்டும். "அண்ணாச்சி, மூச்ச நல்லா உள்ள இழுங்க, அப்படியே புடிச்சுக்கோங்க" என்று ஒருமுறை எக்ஸ்போஷர் இல்லாமல் பழக்கிவிட்டு எடுத்தால் இந்தச் சிக்கல் பாதியாகும்.

உச்சிப்பகுதியை மறைப்பவற்றுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தாயத்துக் கயிறு, முந்தானையில் குத்திய ஊக்கு, முன்னால் விழும் ஈரச் சடை, வயதான ஆச்சிகளின் காதில் தோள்வரை தொங்கும் பாம்படம். டிபி தேடும் இடமே அதுதான். பாம்படம் எளிதில் கழற்ற வராது என்றால், காதை மேலே தூக்கித் துணியால் கட்டிவிட்டு எடுங்கள்; ஆச்சியிடம் முதலில் கேட்டுவிட்டு.

9. மறைத்து வைத்து மதிப்பெண் போடுதல்

குறைந்தது 2 பேர், முடிந்தால் 3 பேர். ரேடியாலஜிஸ்டும் நெஞ்சக நோய் டாக்டரும் கலந்திருந்தால் நல்லது. எது சிஆர், எது டிஆர் என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. பெயரை மட்டும் மறைத்தால் போதாது. ஓர விளிம்பு, ஆர்-எல் மார்க்கர், எழுத்து வடிவம் எல்லாம் கருவியைக் காட்டிக் கொடுத்துவிடும். ஓரத்தை வெட்டிவிடுங்கள். வரிசையைக் கலைத்துக் கொடுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்விகள், 1 முதல் 5 வரை மதிப்பெண்: ரத்தக் குழாய்கள் ஓரம்வரை கூர்மையாக உள்ளனவா? மூச்சுக்குழாயும் முதல் கிளைகளும் தெரிகின்றனவா? இதயம், அயோர்ட்டாவின் ஓரம்? உதரவிதானமும் பக்கவாட்டுக் கோணங்களும்? இதயத்துக்குப் பின்னால் உள்ள நுரையீரல்? இதய நிழலுக்குள் முதுகெலும்பு? இவை ஐரோப்பிய நெறியில் உள்ளவைதான். காறை எலும்புக்குப் பின்னால் உச்சிப்பகுதி என்பதை நம் ஊர் தேவைக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிராசஸிங்கைப் பற்றி இங்கே ஒரு முடிவெடுக்க வேண்டும். மூலப் படத்தை டாக்டர் முன் வைக்க முடியாது; கருவியின் பிராசஸிங்கோடுதான் வைக்க வேண்டும். ஓரக் கூர்மையாக்கத்தை மட்டும் இரண்டிலும் குறைவான நிலையில் வையுங்கள். அளவுக்கு மீறிக் கூர்மையாக்கினால் இயல்பான ரத்தக் குழாய்களே சிலிக்கோசிஸ் புள்ளி போலக் காட்சி தரும். குவாரித் தொழிலாளி ஒருவருக்கு இல்லாத நோயை எழுதிக் கொடுக்கும் ஆபத்து இதில் இருக்கிறது.

சில படங்களைச் சில வாரம் கழித்து அதே டாக்டரிடம் மறுபடி காட்டுங்கள். அவர் போட்ட மதிப்பெண் அவருக்கே பொருந்தவில்லை என்றால் கேள்வியைத் திருத்த வேண்டும். மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். 4 என்பது 2இன் இரட்டிப்பு அல்ல, அது வெறும் வரிசைதான். ஒரே நோயாளியின் ஜோடிப் படங்களுக்கு வில்காக்சன் சோதனை பொருந்தும். டாக்டர்களுக்குள் ஒற்றுமைக்குக் கப்பா மதிப்பு.

10. முடிவை எழுதுதல்

பேந்தம் எண்ணும் டாக்டர் மதிப்பெண்ணும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். பேந்தத்தில் இரண்டு மடங்கு மேலான பேனல், நுரையீரல் பகுதியில் கொஞ்சம்தான் மேலாகத் தெரியும். அங்கே சிறு கட்டியை மறைப்பது பெரும்பாலும் டிடெக்டரின் இரைச்சல் அல்ல; விலாவும் ரத்தக் குழாயும் ஒன்றன்மேல் ஒன்று விழும் உடற்கூறு. எந்தப் பேனலும் அதைத் தீர்க்காது. ஆகவே நல்ல பேனலின் லாபத்தைப் படத்தில் தேடுவதைவிட டோஸில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. டாக்டர் மதிப்பெண் குறையாத அளவுக்கு எம்ஏஎஸ்ஸைப் படிப்படியாக இறக்கி, இலக்கு இண்டெக்ஸைப் புதிதாக அமையுங்கள். டிஆர் வாங்கிவிட்டு சிஆர் எம்ஏஎஸ்ஸையே ஓட்டும் இடங்களில் நோயாளிக்கு ஒரு நன்மையும் போய்ச் சேரவில்லை.

அறிக்கையில் கேவி, எம்ஏஎஸ், தூரம், கிரிட், டோஸ், இண்டெக்ஸ், பிராசஸிங் பதிப்பு எண், மானிட்டர் எல்லாம் இருக்கட்டும். மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் 9ஆம் படியை மறுபடி செய்யுங்கள். பேனலோ டியூப்போ மாறினால் 4இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.